பழுப்பு அட்டை போட்ட பத்து நோட்டு

எனக்கு அந்தக் கேடயம் வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எத்தனை நல்ல வார்த்தை போட்டு மெழுகினாலும் அடியில் கிடப்பது அதுதான்.

மதுரை தல்லாகுளத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நான். போன வருடம் பள்ளி திறந்த கையோடு, ஆப்பிரிக்காவில் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் சேர்த்து அனுப்புவதென்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. “வாங்கியே பழகுன நம்மளும் இப்பக் குடுக்கிற எடத்துக்கு வந்துட்டோம்ல டீச்சர்” என்றார் கமிட்டிச் செயலாளர். வெளிநாட்டிலிருந்து வந்த பால்பவுடரைக் குடித்து விடுதியில் வளர்ந்த மனிதர். அவருக்கு அந்தச் சந்தோஷம் இருக்காதா? எனக்கும் இருந்தது. பேரையூர்ப் பக்கம் அடுத்தவன் காட்டில் களையெடுத்தவர்களின் மகள் நான். கொடுக்கிற கை என் கையென்றால் கசக்கவா செய்யும்?

ஆளுக்கு ஒரு முழு செட் தர வேண்டும். பத்து நோட்டு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாம் புதுசு. எந்த வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் தருகிறார்களோ அந்த வகுப்புக்குக் கேடயம். சுவரில் பெயர்ப் பட்டியலை ஒட்டி, தந்தவளின் பெயருக்கு நேரே தங்கக்கலர் ஸ்டிக்கர் ஒட்டினேன். மூன்று வாரத்தில் எல்லாப் பெயருக்கும் ஸ்டிக்கர் விழுந்துவிட்டது, ஒருத்தியைத் தவிர.

அவள் கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம். பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா இல்லை, அம்மா காட்டு வேலை. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் ஆள் இவள். பெண்ணைப் பஞ்சு மில்லு வேலைக்கு அனுப்பு என்று தாய்மாமன் இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். “எப்படியாச்சும் இவளப் பத்தாவது தேத்தி விட்டுருங்க டீச்சர். தேறிட்டான்னா எங்க அண்ணே வாயைத் தொறக்க மாட்டாரு” என்று அந்த அம்மா ஜூன் மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்த்தேன்!

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தினேன். “ஒன்னால மொத்த கிளாஸுக்கும் கேடயம் போகுதும்மா. இல்லாத புள்ளைகளுக்குக் குடுக்க ஒனக்கு மனசே வரலையா?” என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “திங்கக்கெழம கொண்டாரேன் டீச்சர்” என்றாள்.

சொன்னபடி கொண்டுவந்தாள். ஜவுளிக்கடைப் பை ஒன்றில் பத்து நோட்டு, எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, ஓரம் மடங்காமல், அத்தனை சுத்தமாக. பேப்பரில் சுற்றிய ஜாமெட்ரி பாக்ஸ் தனியாக. எங்கள் பள்ளியில் எந்த நோட்டாக இருந்தாலும் பழுப்பு அட்டை போட்டாக வேண்டும். ஏழை, பணக்காரர் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பழக்கம் என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் மைக் பிடித்துச் சொல்லுவோம். நான் ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டி, “பாத்தீங்களா, குடுக்கிறதக்கூட அட்டை போட்டுக் குடுத்திருக்கா” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கேடயம் எங்களுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் போட்டோவுக்கு நின்றேன்.

மறுநாளிலிருந்து அவளிடம் கணக்கு நோட்டு இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் தாளில் கணக்குப் போடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் வைத்திருக்கும் சட்டம். “நோட்டு எங்க?” “மறந்துட்டேன் டீச்சர்.” “வெளிய நில்லு.” அதற்கடுத்த நாளும் மறந்துட்டேன். வெளிய நில்லு. ஒன்பது நாள் நின்றாள். ஜன்னல் வழியே கரும்பலகையைப் பார்த்து அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. திமிரைப் பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏதோ வீட்டு விசேஷம் என்று விடுதியில் சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, சபைக் கோயில் ஹாலில் பெட்டி கட்ட உட்கார்ந்தோம். எடை கூடுகிறது, அட்டை போட்ட நோட்டில் அட்டையைக் கிழித்துவிடுங்கள் என்றார் செயலாளர். அந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து முதல் நோட்டின் அட்டையை நான்தான் கிழித்தேன். உள்ளே கோபுர முத்திரை. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற நோட்டு. அடுத்ததும் அதுதான். பத்தும் அதுதான், ஜாமெட்ரி பாக்ஸும் அதேதான். வசதியான பிள்ளைகள் அந்த நோட்டை ரஃப் நோட்டாக வைத்துக்கொண்டு கடையில் வேறு வாங்கிக்கொள்வார்கள். இவளுக்கு வருடம் முழுவதற்கும் இருந்ததே இந்தப் பத்துதான். ஜூன் மாதம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் கையில் கொடுத்தவளே நான். கணக்கு நோட்டிலும் மற்றதிலும் எழுதியிருந்த பக்கங்களை எடுத்துவிட்டிருந்தாள். தையலோரத்தில் பிசிறு நின்றது.

“அட, கவர்மெண்ட் நோட்டா? இது போகாது டீச்சர், வம்பாயிரும். ஓரமா வைங்க” என்றார் செயலாளர்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்தப் பையோடு கொட்டாம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அந்த அம்மா வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். மகளை மில்லில் சேர்த்துப் பத்து நாளாகிறது என்றார்.

“தெனம் நோட்ட மறந்துட்டு வந்து வெளிய நிக்கிறாளாம்ல டீச்சர். கூடப் படிக்கிற புள்ள வந்து சொல்லுச்சு. மறதி புடிச்ச கழுதைக்குப் படிப்பு எதுக்குன்னு எங்க அண்ணே கூட்டிப் போயிட்டாரு. நானும் எம்புட்டோ கேட்டேன். அவ வாயே தொறக்கல.”

“அவ மறக்கலம்மா” என்று சொல்லிப் பையை அவர் மடியில் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேடயத்தையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, முத்திரையைத் தடவிப் பார்த்து அடுக்கினார்.

“இம்புட்டையும் ஒங்ககிட்ட குடுத்துட்டு, ஒங்க வாசல்லயே நின்னாளா?”

அவளைக் கூட்டி வாருங்கள், நான் பொறுப்பு, நானே வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். மூன்று வருடம் மில்லிலேயே தங்கி வேலை செய்வாள் என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார், இனி என் பேச்சு எடுபடாது என்றார். வீட்டுக்குள்ளிருந்து சின்ன மகள் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பாம்.

“இவளையும் வார வருசம் ஒங்க பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்னு இருந்தேன்” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. “இப்ப வேணாம் டீச்சர். இங்கனயே கவர்மெண்ட் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க புள்ளைககிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாக.”