பின்னறையிலிருந்து மெல்பர்னுக்கு

என் வீட்டுக்காரர் மெல்பர்னுக்குப் பல தடவை போய் வந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் அம்பிட்டியவை விட்டு இறங்கவில்லை. மகள் படித்த பின்னறையில், சக்கரம் வைத்த கதிரையில் உட்கார்ந்துகொண்டே போய் வந்தார். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது. விளையாட்டு என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "வெளையாட்டா? பைலட்டுக்குப் படிக்கிறவங்களே இதுலதான் பழகுறாங்க" என்பார்.

அதற்கு ஏற்பாடு செய்தது எங்கள் மகள்தான். ஒரே மகள். கல்யாணம் முடித்து மெல்பர்னுக்குப் போனவள், கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற அப்பா நோய் பிடித்துப் படுத்துவிடுவார் என்று பயந்து, பெரிய திரை, பிடித்து ஆட்டுகிற கைப்பிடி எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். முதலில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சென்னைக்கும் போய்ப் பழகினார். பிறகு மகள் இருக்கிற ஊருக்கே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினார். அது நேரே போகிற பயணம். நடுவில் எங்கேயும் இறங்குவதில்லை. கீழே பார்த்தால் கடல். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே கடல். முதல் தடவை அவருக்குப் பொறுமை கெட்டுப்போய், நேரத்தை வேகமாக ஓட்டுகிற பொத்தானை அழுத்திவிட்டார். அடுப்பில் வைத்த சோற்றை நான் வடிப்பதற்குள் அவுஸ்திரேலியா வந்துவிட்டது. வந்து சேர்ந்த மனுசனின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"போன மாதிரியே இல்ல" என்றார்.

அந்த நாட்களில்தான் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. "அம்மா, பேறுகாலத்துக்கு நீங்க வந்திரணும். அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று போனில் சொன்னாள். எங்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளைக்குத் தாய்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவது, சரக்கு அரைத்துப் பத்தியக் கறி ஆக்கிப் போடுவது எல்லாம் அந்தத் தாயின் கைதான். என் அம்மா எனக்குச் செய்தார். நான் என் மகளுக்குச் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு எதுவும் இருந்ததில்லை.

நான் விமானத்தில் ஏறியவள் இல்லை. கொழும்புக்குப் பஸ்ஸில் போனாலே கடுகண்ணாவை வளைவில் வாந்தி எடுப்பேன். அதைச் சொல்லித்தான் அவர் ஆரம்பித்தார்.

"பத்து மணித்தியாலத்துக்கு மேல உக்காரணும் புள்ள. நடுவுல நிப்பாட்டச் சொல்ல ஏலாது. உன்னால முடியுமா?"

"முடியாட்டி என்னங்க செய்றது? போகத்தானே வேணும்."

"அப்ப இங்கயே பழகிக்க."

அப்படித்தான் நான் பயணி ஆனேன்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க டவுனுக்குக் கூட்டிப் போனார். படம் பிடிக்கிறவர் முடியை ஒதுக்கிக் காது தெரியக் காட்டச் சொன்னபோது வெட்கத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் காட்டினேன். மற்றதை எல்லாம் "நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பள்ளிக்கூடம் போனவள். இங்கிலீசுக் காரியம் எங்கள் வீட்டில் எப்போதும் அவர் பொறுப்பு. விசா என்னாச்சு என்று ஒரு நாள் கேட்டதற்கு, மகள் அந்தப் பக்கம் செய்ய வேண்டியது இருக்கிறது என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பயணம் போகிற நாளில் விடியற்காலையே எழும்பிக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும். வீட்டு உடுப்போடு ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். ராகு காலம் பார்த்துத்தான் கிளம்புவார். புது வாகனம் வாங்கியவர்கள் டயருக்கு அடியில் வைப்பார்களே, அதுபோலக் கதிரைச் சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, சாமியைக் கும்பிட்டு, கதிரையை ஒரு தள்ளு தள்ளி நசுக்குவார். அந்த வாசத்தோடுதான் கட்டுநாயக்காவை விட்டு மேலே ஏறுவோம். அவர் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. இடுப்பில் அவருடைய பழைய பெல்ட்.

இதை நான் ஒளிக்கக் கூடாது: அவர் அந்த நீளப் பயணத்தை நல்லதாக ஆக்கிக் காட்டினார். பொத்தானை அழுத்துவதை அடியோடு விட்டார். உண்மையில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். மேலே போன பிறகு விமானம் தானாகவே போகும். அவர் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை. கீழே கடலில் எந்தப் பக்கம் இந்தோனேசியா, எந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்வார். பழைய பாட்டுப் போடுவார். சாப்பாட்டு நேரம் வந்ததும் நான் விடியற்காலையே வாழையிலையில் கட்டி வைத்த பார்சலைப் பிரிப்போம். பருப்பும் போஞ்சியும் கருவாடும் இலை வாசத்தோடு அப்படி ஒரு ருசி. நடுவில் கால் மரத்துப்போகாமல் இருக்கக் கேட் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா மதிலுக்கு மேலால் பார்த்து, பட்டுச் சேலையோடு எங்கே போகிறோம் என்று ஒரு நாள் கேட்டார். நான் சிரித்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

"பயணிகள் கவனத்துக்கு" என்பார் திடீரென்று, ரேடியோவில் பேசுகிற குரலில். "நம்ம ஒரே பயணி தூங்கி வழியுறாங்க. அவங்க தூங்கிட்டா கேப்டனுக்குத் தேத்தண்ணி யாரு ஊத்துறது?"

"ஏன், கேப்டனுக்குக் கையில்லையா?"

"கேப்டன் கைய எடுத்தா கடலுக்குள்ளதான் போவோம், பரவால்லையா?"

சிரித்துக்கொண்டே எழும்பிப் போவேன். பயணியும் நான்தான், சாப்பாடு கொடுக்கிற பிள்ளையும் நான்தான்.

நடுக்கடலில் ஒரு சின்னத் தீவுக் கூட்டம் இருக்கிறது. தேங்காய்ச் சொட்டுகளை வட்டமாகப் போட்டு வைத்ததுபோல இருக்கும். அது பாதையில் இல்லை. நான் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போவார். அது எப்போது வரும் என்று நான் காத்திருப்பேன். அதைத் தாண்டினால் மகளிடம் போகிற வழியில் பாதிக் கடல் கடந்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி. வாந்தி வரவில்லை. தலை சுற்றவில்லை. கால் வீங்குவதுகூடக் குறைந்துபோனது. சமையலறையில் மிளகு, சீரகம், கொத்தமல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் வறுத்துச் சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் அடைத்தேன்.

ஒரு நாள் அந்தத் தீவைத் தாண்டிப் போகும்போது கரண்ட் போய்விட்டது. திரை கறுத்துப்போனது. இரைச்சல் நின்றது. ஓட்டுக்கு மேலே குரங்கு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க, கரண்டுதானே போச்சு" என்றேன்.

"தண்ணி கொண்டா" என்றார். இவ்வளவு தூரம் வந்து வீணாகிவிட்டதே என்கிற கவலை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவருடைய பழைய கூட்டாளி கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற முஸ்லிம் மனுசர். அண்ணன் முறை வைத்து நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் வந்த நேரம் நாங்கள் கடலுக்கு மேலே இருந்தோம்.

"மாஷா அல்லாஹ்! நான் கட்டுகஸ்தோட்டப் பாலத்துல டிராபிக்ல நின்ன நேரத்துக்கு, நீங்க பாதிக் கடல் தாண்டிட்டீங்களே" என்று கதவிலேயே நின்று சிரித்தார். "கண்டக்டர் இல்லாம வண்டிய எடுத்திரிக்கிறீங்க, செக்கர் ஏறினா என்ன செய்வீங்க?"

"கண்டக்டர் இதோ இருக்கா" என்று இவர் என்னைக் காட்டினார்.

நானா என்னையும் என் சேலையையும் இடுப்பு பெல்ட்டையும் பார்த்தார். "என்ன தங்கச்சி, பிளேன்னு சொன்னாலே நீங்க நடுங்குறதா இவர் சொன்னாரு. இங்க பாத்தா முன் சீட்டுல ராணி மாதிரி இரிக்கிறீங்க. இந்தத் தைரியத்த மகள்ட்டக் காட்டீந்தா, அவ மாப்புளட உம்மாவ அங்க எடுப்பிச்சிரிக்க மாட்டாளே."

எனக்கு விளங்கவில்லை. "யார எடுப்பிச்சா?" என்றேன்.

"நானா, தேத்தண்ணி ஆறுது" என்றார் இவர்.

நானா அவர் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போய்விட்டார். விமானம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மகள்ட்ட என்னங்க சொன்னீங்க?"

"முன்னுக்கு மேகம் கெட்டியா இருக்கு. இப்பப் பேசாத."

"அது தானாப் போவும்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க. என்ன சொன்னீங்க?"

அவர் திரையைவிட்டுத் திரும்பவில்லை. "உனக்குப் பஸ்ஸே ஒத்துக்காது. வழியில ஏதும் ஆச்சுன்னா ஆகாசத்துல யாரக் கூப்பிடுறது? அதான், அம்மா பயப்படுறா, வர மாட்டான்னு சொன்னேன்."

"நான் எப்பங்க பயம்னு சொன்னேன்?"

"சொல்லணுமா? மூஞ்சில தெரியாதா?"

"அப்ப இதெல்லாம் எதுக்கு? இந்தச் சேலை, இந்தப் பெல்ட்டு, இந்தப் பழக்கம்?"

"உனக்குச் சந்தோசமா இருந்துச்சா, இல்லையா?" என்றார்.

இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரண்ட் போன அன்றைக்கு அவருக்கு வியர்த்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விமானத்தில் எந்த விளக்கு எரிந்தால் என்ன பழுது, எது நின்றால் எது விழும் என்று எல்லாம் படித்து வைத்திருந்த மனுசன். ஒன்றும் தெரியாத நான் போகத் தயாராக இருந்தேன். அவருக்குத் தனக்குப் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பயத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். நான் எதற்கும் வாய் திறக்காதவள், மறுத்துச் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மகள் போன் எடுத்தபோது, வழக்கமாக அவரே பேசி முடித்து, சுகம் கேட்க மட்டும் என்னிடம் கொடுக்கிற போனை நான் கைநீட்டி வாங்கினேன்.

"நான் பயப்படல புள்ள" என்றேன்.

"அம்மா, அப்பா எப்பவோ சொல்லிட்டாரே. நான் அன்னைக்கு முழுக்க அழுதேன். பிறகுதான் இவங்க அம்மாவக் கேட்டோம். அவங்களுக்கு விசா வந்து, வவுனியாவுல இருந்து வரக் கிளம்பிட்டாங்க. இப்ப வேணாம்னு சொன்னா அவங்க மனசு என்னாகும்? நம்ம வீடும் சின்னது, ரெண்டு பேருக்கு இடமில்லம்மா."

அவள் சொல்வதும் நியாயம்தான். அந்த அம்மாவை நான் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நல்ல மனுசி. அவரை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

"மாமி சொல்றதக் கேட்டு நடந்துக்க. தலைக்கு ஊத்தினா உடனே துவட்டு" என்றேன்.

"அம்மா, அப்பிடின்னா அப்பா ஏன்..." என்று ஆரம்பித்தாள். நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் அவளிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சரக்குத்தூளை அனுப்பலாமா என்று மகளிடம் கேட்டேன். மாமி கொண்டுவருகிறார் என்று பதில் வந்தது. போத்தலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ரசத்தில் போட்டுத் தீர்த்தேன். "இப்பல்லாம் ரசம் நல்லா இருக்கே" என்றார் அவர். உண்மையாகவேதான் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் போட வேண்டிய சரக்கை எல்லாம் அந்த மனுசனே குடித்து முடித்தார்.

பிள்ளை பிறந்த செய்தி ஒரு நாள் விடியும்போது வந்தது. பெண் பிள்ளை. போனில் படம் காட்டினார்கள். துணியில் சுற்றின முகம், இன்னும் சிவப்பு மாறவில்லை. பிள்ளையைத் தாங்கிப் பிடித்திருந்த கையில் இரண்டு பொன் வளையல். மாமியின் கை. பிள்ளையைப் பார்ப்பதா, அந்தக் கையைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் குளித்துவிட்டு நேரே பின்னறைக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. மத்தியானம் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இலையில் கட்டவில்லை. வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் கூப்பிட்டார்.

"இந்தா புள்ள, வா. எறங்கப் போறோம். பேத்தி ஊரு."

போய் வாசலில் நின்றேன். அங்கே நேரம் முந்தி ஓடுவதால் திரையில் இருட்டிவிட்டிருந்தது. கீழே ஊர் முழுக்க விளக்கு. அவர் நல்லபடியாக இறக்கினார், ஒரு குலுக்கலும் இல்லை. மெல்ல ஓட்டிக்கொண்டு போய் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இதற்கு முந்தி எத்தனை தடவை வந்தும் நான் அந்தக் கட்டடத்தை நின்று பார்த்ததில்லை.

"என்னங்க, ஒரு ஆளையும் காணோமே" என்றேன்.

"எங்க?"

"அதுக்குள்ள. வாறவங்களக் கூட்டிட்டுப் போக நிப்பாங்களே, அந்த ஆளுங்க."

"ஆளுங்களப் போட்டா கம்ப்யூட்டர் இழுத்து இழுத்துத்தான் ஓடும். நான்தான் எடுத்துவிட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் கதிரையைத் திருப்பி, சிரிக்கப் பார்த்தார். "வாங்க மேடம், எறங்கலாம்."

"எறங்கி யார்கிட்டப் போறதுங்க?" என்றேன்.

அவர் திரையின் பக்கம் திரும்பி, விமானத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்.