வேப்பிலை செருகிய வாசல்

என் மகளுக்கு ஒரு வயது நிறைந்திருந்த சமயம். கோவில்பட்டியில் குடியிருந்தோம். மேல்காற்று தொடங்கி, கரிசல் புழுதி வீட்டுக்குள் வந்து படிகிற மாதம். அந்த ஆண்டுதான் புளூ காய்ச்சல் ஊரெங்கும் பரவியது. தீப்பெட்டி ஆபீஸ்களில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை என்றார்கள். என் கணவருக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. பல நாள் அங்கேயே தங்கிவிடுவார். வீட்டில் நானும் குழந்தையும்தான்.

பத்திரிகையில் வருவதையெல்லாம் படித்துப் படித்து எனக்குப் பயம் ஏறிவிட்டது. மல் துணி வாங்கி நாலாக மடித்து, நாடா வைத்து, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடிகள் தைத்தேன். நீலகிரித் தைலம், சூடம், பினாயில், பார்லி, காய்ச்சல் மாத்திரை என்று அலமாரியை நிரப்பினேன். கடைக்கார பாய் சிரித்தார். "என்னம்மா, ஊருக்கே தைலம் தேய்க்கப் போறியளா? எனக்கு ஒரு பாட்டிலாவது விட்டுட்டுப் போங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கியது போதுமா என்றே வீடு வரும்வரை யோசித்தேன்.

அப்போது என் கணவரின் அக்கா கழுகுமலையிலிருந்து வந்திருந்தார். மோர் கேட்டும், குழந்தையைக் கொஞ்சவும் ஆட்கள் வந்து போவதைப் பார்த்தார். "ஏட்டி, நீ மட்டும் துணியக் கட்டிக்கிட்டா ஆச்சா? வாறவிய வாசலோட நிக்கணும்லா" என்று ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து வாசல் நிலையில் செருகினார். அம்மை கண்ட வீட்டுக்கு வைக்கிற அடையாளம் அது.

"அம்மை இல்லாத வீட்டில் வைக்கலாமா மதினி?" என்று கேட்டேன்.

"ஆத்தா ஒண்ணும் நினைக்க மாட்டா. காவலுக்குத்தான நிக்கா."

அவர் ஊருக்குப் போனபின், எடுத்துவிடலாமா என்று பலமுறை வாசல்வரை போனேன். மூத்தவர் வைத்தது. தவிர, உண்மையாகவே ஒருவரும் உள்ளே வரவில்லை. அந்த நிம்மதியில் விட்டுவிட்டேன்.

காய்ச்சல் எப்படியோ வந்துவிட்டது. முதலில் எனக்கு உடம்பு வலித்தது. பிறகு குழந்தைக்கு அனலாகக் கொதித்தது. ஒரு மத்தியானம் அவள் கண்கள் மேலே செருகின, கைகால் வெட்டி இழுத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு அம்மாள் கதவருகே நின்றிருந்தார். "அம்மை போட்ட பிள்ளைய வெயில்ல கொண்டாரலாமா? உள்ள கொண்டுபோய்ப் படுக்கப் போடும்மா."

"இது அம்மை இல்லை, புளூ."

"ஆத்தாவ வாசல்ல வச்சிக்கிட்டு இல்லைன்னு சொல்லாத. குத்தமாயிரும்."

குதிரை வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் என் வாசலைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், போய்விட்டார். அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது அவருக்குப் பாவம். நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத் தாய் எதையும் சொல்வாள் என்றுதானே நினைப்பார்கள்.

எனக்கும் காய்ச்சல் அடித்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்நேரம் கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் வந்தாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்புகிறவள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

"எனக்குச் சின்னப்பிள்ளையிலயே வந்துட்டுப் போயாச்சு. ஆத்தாவுக்கு இந்த மூஞ்சி அலுத்துப்போச்சு, திரும்ப வரமாட்டா. கொண்டாங்க பிள்ளைய" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் நடந்ததும் சொல்லிவிட்டேன். "அக்கா, இது அம்மை இல்லை. புளூ காய்ச்சல். உங்களுக்கும் ஒட்டும்." அவள் நின்று என்னைப் பார்த்தாள். குழந்தை அவள் கழுத்தில் முகம் வைத்து இருமியது. "அப்பம் விரசாப் போகணும். நடங்க" என்றாள். இடுப்பில் செருகியிருந்த முகமூடி ஒன்றைக் கொடுத்தேன். "இதக் கட்டுனா எனக்கு மூச்சு முட்டும். நீங்க வாங்க."

ஆஸ்பத்திரியில் தாழ்வாரம் வரை பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். டாக்டர் ஊசி போட்டார். சாயங்காலம் என் கணவர் தேடி வரும்வரை அவள்தான் ஈரத்துணியால் குழந்தையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் இறங்கிக் குழந்தை அழுதபோது, "இப்பம்தான் சரி" என்று எழுந்து போனாள்.

உடம்பு தேறியதும் குழந்தையோடும் கணவரோடும் அவளைத் தேடிப் போனேன். தீப்பெட்டி ஆபீசில் தழும்பு முகத்தை அடையாளம் சொல்லிக் கேட்டபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். வீட்டுக்கு வழி சொன்னார்கள்.

நாங்கள் யார் என்று சொன்னதும் அவள் கணவர் கோபப்படவில்லை. என் மகளைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பிள்ளதானா? படுத்த படுக்கையில அதையேதான் கேட்டா. பிள்ள பிழைச்சிட்டாளா, போய்ப் பாத்துட்டு வாங்கன்னா. உங்க வீட்டு அடையாளம் சொல்ல அவளுக்குத் தெம்பில்ல. எந்தத் தெருன்னு நான் தேடுவேன்?" என் மகள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கவில்லை.

ஊரெல்லாம் காய்ச்சல் இருந்தது, ஆபீசில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். சில நாள் நம்புகிறேன், சில நாள் முடியவில்லை. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தன்னைச் சுமந்த அந்த முகம் அவளுக்கு நினைவிருக்க வழியில்லை; விவரம் தெரிகிற வயதில் அந்த முகத்தைத் தழும்போடு அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் ஒன்றையும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.