எதுவும் கேட்காத லூர்தக்கா

செய்தி வந்தபோது நான் சாத்தான்குளத்தில் என் வீட்டு அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். "சித்தி, அம்மா போயிட்டாவ" என்றான் லூர்தக்கா மகன் அருள். பாதி ஆய்ந்த மீனை அப்படியே போட்டுவிட்டுத் திரேஸ்புரத்துக்குப் பஸ் ஏறினேன். கையைக் கழுவினேனா என்பதுகூட நினைவில்லை. வழியெல்லாம் மீன் வாடை; பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அக்கா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் அழகாகத்தான் பேசினார். "கடவுளிடம் தமக்கென்று எதையுமே கேட்காதவர், இருப்பதே போதும் என்று வாழ்ந்தவர்" என்றார். ஊர்க்காரர்களே, கோயிலில் இருந்த உங்களில் பலரும் தலையாட்டினீர்கள். முதல் பெஞ்சில் இருந்த எனக்கோ எழுந்து, "சாமி, அது போதும்ங்கிற மனசு இல்ல, பயம்" என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தவள் நான். இத்தனை வருடமாக ஊரில் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்கு முன்னால் இதை எழுதியாக வேண்டும்.

எங்கள் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரர். சோழகக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் போகாது. அந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டுக்குத் திருவிழா. அப்பா வீட்டில் இருக்கும்வரை அம்மா அடுப்பைத் தொடமாட்டாள். முற்றத்தில் கட்டிலைப் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "உப்பு கூடிட்டு, பண்டாரி" என்பாள். ருசி பார்க்காமலேயே சொல்வாள். தோணி ஆட்களுக்குச் சமைத்துப் பழகிய கை, நாலு பேர் வீட்டிலும் பெரிய சட்டி நிறையத்தான் குழம்பு வைக்கும். மிஞ்சியதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டு கொடுப்பது அக்காவும் நானும். போகிற வழியிலேயே ஆளுக்கொரு துண்டைக் காலி பண்ணிவிடுவோம். அவள் என் வாயைத் துடைத்துவிட்டுத்தான் தன் வாயைத் துடைப்பாள்.

சாயங்காலம் செபமாலை முடிந்ததும், கடலில் இருப்பவர்களுக்காகக் கூடுதலாக ஒரு பரலோக மந்திரம் சொல்வது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம். காற்று அடங்க வேண்டும், கடல் தணிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அந்த வருடம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்குள் காற்று அடங்கி அப்பா தோணிக்குப் போய்விடுவார் என்று அம்மா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, அப்பா இல்லாமல் கோயிலுக்குப் போவதா?

"எக்கா, காத்து அடங்கக்கூடாதுன்னு கேப்போமா?" என்றேன்.

"அடி கோட்டி! எல்லாரும் அடங்கணும்னுலா கேக்காவ."

"அவுங்க சத்தமா கேக்கட்டும். நீ மனசுக்குள்ள கேளு. நீ கேட்டா மாதா குடுப்பாவ."

நான் கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அம்மாவிடம் பெரிய பொய்யாக ஒன்று சொல்லியிருந்தேன். மூன்று நாள் அழுது அடம்பிடித்தேன். நாலாம் நாள் அக்கா கேட்டாள்.

காற்று அடங்கவே இல்லை. புதுநன்மை அன்று அப்பா முற்றத்தில் அண்டா வைத்துத் தெருவுக்கே கோழிக்குழம்பு வைத்தார். மஞ்சள் கையோடு என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். கவுனெல்லாம் கறை. அம்மா ஏசின ஏச்சு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அதைவிடச் சந்தோஷமான ஒரு நாள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. என் கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காற்று கொஞ்சம் தணிந்த பிறகு, தோணி பிந்திக் கிளம்பியது. போய்ச் சேர்ந்த தகவல் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும், தோணித் தகவல் வருகிற கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் போய் நின்றுகொள்வாள். "நான் கேட்ட காத்துதான்ளா இப்ப அங்கன அடிக்குது" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். கடைசியில் அப்பா வந்தார், இடது கையில் துணிக்கட்டோடு. காற்றில் தோணி சாய்ந்தபோது கொதிக்கிற குழம்புச் சட்டி கையில் கவிழ்ந்திருக்கிறது. அந்தக் கையின் விரல்கள் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை.

அக்கா அப்பா காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏளா, நீ சொல்லி காத்து கேக்குதுன்னா, தோணி ஓட்டுத தண்டல எறக்கி விட்டுட்டு உன்னயல்லா ஓட்ட வைக்கணும்!" அம்மாவும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா அடுப்பு மூட்டினால், சட்டியை இறக்க அவள் பக்கத்தில் நிற்பாள்.

படிப்பு முடிந்த பின் அவள் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை தேடிப் போய்ச் சேர்ந்ததும் இதனால்தான். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தோணி கரை சேர்ந்த தகவல் வந்தால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரேஸ்புரத்தில் அந்தந்த வீட்டுக்கு நடந்தே போவாள். வாசலில் நின்று, "சேந்துட்டு. உலைய வையி" என்பாள். அவ்வளவுதான், திரும்பிவிடுவாள். செல்போன் வந்த பிறகும் நடந்தாள். "எல்லார் கையிலயும் போன் இருக்கு, நீ ஏங்க்கா வெயில்ல அலையுத?" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "போன்ல மூஞ்சி தெரியாதுல்லா. அவ சிரிக்கத நான் பாக்கணும்ளா" என்பாள்.

யாராவது தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னால் அவள் சொல்கிற பதிலும் உங்களுக்குத் தெரியும். "நன்றி சொல்லச் சொல்லு, எவ்வளவு நேரம்னாலும் சொல்லுதேன். கேக்க மட்டும் சொல்லாத. கேட்டா குடுத்துருவாரு." சிரித்த முகமாகத்தான் சொல்வாள். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. "எக்கா, கேக்கச் சொன்னது நான். அப்பாட்ட நான் வாயத் தொறக்கவே இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைய பயந்து சாகணுமா? உனக்கு எட்டு வயசுளா" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக ஒண்ணும் கேட்டுராத. வலி தாங்கல. நான் போறேன்."

சரி என்றேன். இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று நான் கேட்டேன். அறுபதை நெருங்குகிறவள், எட்டு வயதுப் பிள்ளையைப் போலவே அடம்பிடித்துக் கேட்டேன்: அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

பதினொரு நாள் இருந்தாள். புரண்டு படுக்க முடியாமல், தண்ணீர் இறங்காமல், பதினொரு நாளும் முனகிக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் கடைசி இரண்டு நாள் நான் சாத்தான்குளத்துக்கு ஓடிவந்துவிட்டேன்.

நான் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். படித்தவள், எனக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரிந்துதான் இருக்கும். அவள் சேலைகளை அருள் எனக்கு எடுத்து வைத்திருக்கிறான்; ஆனால் அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பயம்தான். இதைச் சொன்னால் சிரிக்காமல், ஆறுதலும் சொல்லாமல், முழுதாகக் கேட்டுக்கொள்ளக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.