பழைய அடுப்படியில் ஒரு ஹீட் பம்ப்

சர்வீஸ் ரோட்டில் கும்மிடிப்பூண்டி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை. நான் காவல் பார்த்த வீட்டின் கேட்டைப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. எத்தனையோ இடத்திலிருந்து இப்படிக் கிளம்பியிருக்கிறேன். எட்டாவதில் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியதும் இப்படித்தான்.

அந்த வீட்டு அம்மா ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் இடுப்பு உடைந்துபோயிருந்தது. ஆபரேஷன் செய்தும் கால் மடங்கவில்லை. தினமும் வெந்நீரில் இறங்கிக் கால்களை அசைத்தால் நடக்கலாம், தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கார சார் நெல் வயலைக் கம்பெனிக்கு விற்றவர். கொல்லையில் சுடுநீர்த் தொட்டி ஒன்று கட்டினார். கட்டுகிற கையோடு பக்கத்தில் நீச்சல் குளமும் வந்துவிட்டது.

தண்ணீரைச் சூடாக்க ஹீட் பம்ப் போடலாம் என்று அதை விற்கிற கடைக்காரரை வரவழைத்தார். குளத்துக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று போடுங்கள், ஒன்றுதான் என்றால் தொட்டிக்கு மட்டும் போடுங்கள் என்றார் கடைக்காரர்.

"தொட்டி மட்டும் சுட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்பா. பெருசா ஒண்ணு போடு, ரெண்டுக்கும் போவட்டும்."

"ஒரு வாயி, ரெண்டு வயிறு சார். குளம் மொத்தத்தையும் இழுத்துக்கும். தொட்டி பட்டினிதான்."

சார் சிரித்தார். பெரிதாக ஒன்றுதான் வந்தது.

எங்கே வைப்பது என்று வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டார். "சூடு குடுக்குதுல்ல? அப்ப நெருப்பு. அக்னி மூலைலதான் இருக்கணும்" என்றார் அவர். அக்னி மூலையில் பழைய அடுப்படி இருந்தது. கனத்த சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல்.

கடைக்காரர் தலையில் கைவைத்தார். "இது அடுப்பு இல்ல சார். வெளிக்காத்துல இருக்கிற சூட்ட உறிஞ்சி தண்ணிக்குக் குடுக்கிற மிஷினு. ரூம்ல அடைச்சா மூச்சு முட்டிக்கும்."

"வெளிய வச்சா செப்புக் கொழாய எவனாவது அறுத்துக்கினு பூடுவான். நீ மாட்டிட்டுப் போ நைனா."

எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டி ஓடவிட்டோம்.

மார்கழி வந்தது. மிஷின் விடுகிற குளிர்ந்த காற்றையே அது திரும்ப இழுத்தது. அடுப்படி ஐஸ் பெட்டிபோல ஆனது. பால் பாக்கெட்டை நான் அங்கேதான் வைத்தேன், கெடவே இல்லை. தொட்டித் தண்ணீர் மட்டும் சுடவில்லை. சாரும் நானும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். அம்மாவுக்குப் பல் கிட்டியது.

"இன்னா அண்ணா, கெணத்துல எறக்கிட்டியா என்னை?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சில நாள் சிரித்தார்.

விறகு வைத்து அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினேன். தொட்டி நிரம்புவதற்குள் ஆறிப்போனது. அப்புறம் ஜன்னலைப் பெயர்த்துக் கதவையும் கழற்றினோம். அதற்குள் மிஷின் உறைந்து உறைந்து நின்றேபோனது. "அடைச்சி வச்சதுக்குக் கம்பெனி பொறுப்பு எடுக்காது" என்றார் கடைக்காரர். வேறு மிஷின் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்ததில் பொங்கல் போய்விட்டது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் வெந்நீரால் பெரிதாகப் பயனில்லை, சக்கர நாற்காலி வாங்கிவிடுங்கள் என்றார்.

வேப்பம்பட்டில் மகள் வீட்டு அபார்ட்மெண்டில் லிஃப்ட் இருந்தது. அங்கே போவதென்று முடிவானது. காரில் ஏற்றும்போது அம்மா என்னைக் கேட்டார்: "தண்ணி கொஞ்சம் சுட்டிருந்தா நடந்திருப்பேன்ல?"

தெரியலைம்மா என்றேன். சார் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்து வந்து அன்று இரவு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் படுத்தேன். காலையில் டீக்கடை வாசலில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பி போடுகிற ரோலிங் மில்லுக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி வந்தார்.

"முன்ன இன்னா வேலைபா பாத்த?"

"ஒரு ஊட்ல வாட்ச்மேன்."

"ஏன் உட்டுட்ட?"

"தண்ணி சுடலை. ஊட்டப் பூட்டிட்டாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப வா ராஜா. எங்காண்ட சூட்டுக்குப் பஞ்சமே இல்ல."

உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவக்கச் சிவக்க வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். அதுதான் வேலை. கம்பி எகிறினால் சுடாமலிருக்க, கால்களில் சாக்கைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். சுற்றிக்கொண்டேன்.