மீன் தொட்டியில் ஊற்றிய குழாய்த் தண்ணீர்

தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் படபடக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மல்லாந்துவிட்டது.

அது கடல் மீன். கடலோரத்தில் மீன் துறையில் வேலை பார்த்த என் அண்ணன், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது கண்ணாடித் தொட்டியை நல்லூரில் இருந்த எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் ஐந்து, இரண்டு பவளக்கல், கல்லில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடும் பூப்போல ஓர் உயிர், காற்று விட ஒரு சின்ன மோட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"தண்ணிதான் வத்தும், உப்பு அப்படியே இருக்கும் கண்ணு. இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குனா கெணத்துத் தண்ணிய ஊத்து. கொழாத் தண்ணி மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சித்திரையில் கிணறு வற்றிவிட்டது. தொட்டியிலும் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. நாம் குடிக்கிற தண்ணீர் மீனை என்ன செய்துவிடும் என்று, காலையில் குழாயில் பிடித்து வைத்ததில் ஒரு குடம் ஊற்றினேன்.

இரண்டாவது மீனும் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பத்து மாதக் குழந்தைக்கு அதே தண்ணீரில் அரை டம்ளர் புகட்டியிருந்தேன்.

தூளியில் கிடந்தவளை வாரி எடுத்தேன். வாயை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே விரலை அவள் தொண்டைக்குள் விட்டேன். அவள் வீறிட்டு, பாலும் தண்ணீருமாகக் கக்கினாள். கக்கியதைப் பார்த்ததும் விஷம்தான் என்று உறுதியாகிவிட்டது. நானே வரவழைத்த வாந்தி என்பது அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். அவர் வீட்டில் எல்லோரும் பனியன் தைப்பவர்கள். கையில் கத்தரிக்கோலோடேயே வந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?"

"தண்ணில என்னமோ கலந்திருக்குதுங்க அக்கா. மீனெல்லாம் சாவுது. பாப்பா குடிச்சுட்டா."

அவர் முகம் வெளுத்தது. "அல்லா! நாங்களும் அதுலதானுங்க சோறாக்கினோம்" என்றார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடினேன். என் வீட்டுக்காரர் துணி வெளுக்கும் பட்டறையில் வேலையில் இருந்தார். நான் அங்கே போனதே இல்லை. வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. வழி நெடுக, "கண்ண மூடாத சாமி, கண்ண மூடாத" என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே போனேன். அழுது அழுது அவளுக்குக் கண் செருகியது.

அவர் சிமெண்ட் தொட்டிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பனியன் துணியை மிதித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் சொம்பை வாங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பக்கத்தில் நின்ற வயசாளியிடம் நீட்டி, "நீங்க பாருங்க, எனக்குத் தெரியறதில்ல" என்றார். அந்தப் பெரியவர் மூக்கருகே கொண்டுபோவதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. சொம்பைப் பிடுங்கி ஒரு வாய் குடித்துவிட்டார்.

"ஐயோ, துப்புங்க!" என்று கத்தினேன்.

அவர் துப்பவில்லை. நாக்கைச் சப்பிப் பார்த்தார். "பிளீச்சிங் பவுடரு. நாங்க துணிக்குப் போடறதுதான். பக்கத்து ஊர்ல பேதி பரவுதாம், அதான் கொழாத் தண்ணில எப்பவும் போடறதுக்கு மேல சேத்திப் போட்டிருக்காங்க. மனுசனுக்கு ஒண்ணும் ஆகாது அம்மிணி."

"மீன் செத்துப்போச்சுங்களே."

"மீனு அதச் செவுள்ள நேரா வாங்குது, தாங்காது."

குழந்தை அவர் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்து, பொத்தானை வாயில் வைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளுத்த துணியில் மிஞ்சும் பவுடர் வீரியத்தை முறிக்க அங்கே ஹைப்போ என்று ஓர் உப்பு வைத்திருப்பார்கள். அதில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். அதற்குள் மூன்று மீன்கள் போய்விட்டன. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொழுது சாய்கையில் கீழே இறங்கி, கல்லைச் சுற்றின.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து, வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்குத் தெரியறதில்லைன்னு சொன்னீங்களே, என்னதுங்க அது?"

"வாசம்."

"எப்ப இருந்துங்க?"

"பட்டறைக்குப் போன ரெண்டாம் வருசமே பவுடரு நெடில என்ற மூக்கு போயிருச்சு."

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம்; இது எனக்குத் தெரியாது. "பாப்பா தலை வாசம்கூடத் தெரியாதுங்களா?"

"இல்ல அம்மிணி" என்றார், சாதாரணமாக. அன்று முழுக்கப் பட்ட பயத்தைவிட அது என்னை அதிகம் பயமுறுத்தியது. அவரைப் பட்டறையிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆயிற்று.

ஆடியில் மிச்ச மீன்களை எடுத்துப்போக அண்ணன் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் வேண்டாம்னு நானும் சொல்லலியே கண்ணு" என்று மட்டும் சொன்னார். தொட்டியோடு ஒரு மீனை எனக்கு விட்டுப்போகவா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.