கிளேடாங் முகட்டில் மூன்று நாள்

புகையிலை ஊறிய தண்ணீரில் நனைத்த துணியை அம்மா எங்கள் கால்களில் முழங்கால்வரை இறுக்கிச் சுற்றிவிட்டாள். என் ஒன்பதாவது வயதை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த நெடிதான். மலையில் அட்டை ஏறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு வருடம், மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது. ஈப்போவுக்கு மேற்கே, கிளேடாங் மலையடியில் ஒரு ரப்பர் தோட்டத்து 'லயத்தில்', அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், நாங்கள் குடியிருந்தோம். தோட்டத்தில் யாரும் ரப்பர் என்று சொல்வதில்லை, 'கித்தா' என்றுதான் சொல்வோம்.

அக்கா பாக்கியத்துக்கு அப்போது பதினைந்து வயது. பெரிய கங்காணி அவளைத் தனக்கு இரண்டாம் தாரமாகக் கேட்டார். எங்கள் அப்பாவை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டி வந்தவர் அவர். யார் எந்தச் சரிவில் பால் வெட்டுவது, எந்த வீட்டில் இருப்பது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்லில் இருந்தது. அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். வந்து, ஏற்கெனவே கூராக இருந்த பால்கத்தியை அன்று பொழுது சாயும்வரை தீட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அழவில்லை, ஒரு வாய் கஞ்சிக்கு மேல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

கோலா கங்சார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் தாய்மாமன் இருந்தார். ரோட்டு வழியாகவோ ரயிலிலோ போனால் ஒரே நாளில் சேர்ந்துவிடலாம், ஆனால் அந்த இரண்டு வழியிலும் கங்காணிக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். மலையின் கீழ்ச்சரிவில் அகலமான தடம் ஒன்று உண்டு. ஈயச் சுரங்கங்களுக்கு விறகு வெட்டும் சீனர்கள் அதில் போக வர இருப்பார்கள், யாராவது கேட்டால் பார்த்ததைச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருந்தது மலையின் முகடு. அதன் மேலேயே வடக்கு நோக்கிப் போகும் ஒற்றையடித் தடம் மலைவாசிகளுக்கு மட்டுமே தெரிந்தது. அவர்களில் பா லோங் என்ற நடுவயதுக்காரர் பெத்தாய்க் காயும் பிரம்பும் கொண்டுவந்து, எங்கள் லயத்துப் பின்பக்கம் உப்புக்கும் புகையிலைக்கும் மாற்றிக்கொண்டு போவார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அம்மா அவரிடம் என்ன சொன்னாளோ, அவர் அக்காவை ஒருதரம் பார்த்துவிட்டு, "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம்.

விடியலில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் 'பெரட்டு' முடிந்து ஆட்கள் எல்லாம் மரத்துக்குப் போனபின், எங்களுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, ஆளரவமற்ற லயத்தின் பின்னால் அம்மாவும் அக்காவும் நானும் பா லோங்குக்குப் பின்னால் காட்டுக்குள் நுழைந்தோம். முதல் நாள் முழுக்க ஏற்றம். வேரைப் பிடித்துக்கொண்டு ஏறினோம், வழுக்கினோம், மறுபடி ஏறினோம். நான் அவசரப்படும்போதெல்லாம் பா லோங் திரும்பி, "பெலான், பெலான்" என்பார், மெதுவாக, மெதுவாக. முகட்டில் தண்ணீர் கிடையாது என்பதால் கடைசி ஓடையில் நான்கு மூங்கில் குழாய்களை நிரப்பிக்கொண்டோம். தடம் கிளை பிரியும் இடங்களில் எல்லாம், திரும்பி வர அடையாளமாக, அவர் ஒரு சிறு குச்சியை ஒடித்து மடக்கிவிட்டு நடந்தார்.

இரண்டாம் நாள் நடந்ததுதான் முகட்டு நடை. மலையின் முதுகெலும்பு மேல் நடப்பதுபோல இரண்டு பக்கமும் சரிந்து போக, நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்குத் தடம். காலடியில் மெத்தென்று பாசி, மரங்களுக்கிடையே புகைபோலப் பனி. எங்கோ கருங்குரங்குகள் தொண்டை புடைக்கக் கூவின, நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறியதும் பனி விலகி ஓரிடத்தில் கிழக்குப் பக்கம் திறந்தது. கிந்தாச் சமவெளி முழுதும் தெரிந்தது. சுரங்கக் குட்டைகள், வெள்ளை மணல் மேடுகள், அடிவாரத்தில் வரிசை வரிசையாகக் கித்தா மரங்கள். அவற்றின் நடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்று மின்னியது. அம்மா அதைக் காட்டி, "அதான் கங்காணி வூட்டுத் தகரம்" என்றாள்.

அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்ளோண்டுதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா சட்டென்று மூட்டையை அவிழ்த்துச் சோற்று உருண்டையை நீட்டினாள். உப்பில்லாத சோறு, அக்கா முழுவதையும் தின்றாள்.

நண்பகல் கழிந்தபோது முன்னால் போய்க்கொண்டிருந்த பா லோங் நின்று கையை உயர்த்தினார். பின்னாலிருந்து யாரோ வருகிற சத்தம். முள் நிறைந்த பெர்த்தாம் ஓலைகளுக்குள் எங்களைத் தள்ளிவிட்டு அவரும் குனிந்துகொண்டார். அம்மாவின் கையில் அரிவாள் இருந்தது. சத்தம் நெருங்கியது, கூடவே ஒரு இருமல்.

அக்காதான் அந்த இருமலை முதலில் கண்டுகொண்டாள். அம்மா பிடிப்பதற்குள் எழுந்து, முள் கிழிக்கக் கிழிக்க வெளியே போய்த் தடத்தின் நடுவில் நின்றாள். எதிரே அப்பா. வேட்டியெல்லாம் சேறு, முழங்காலில் ரத்தம்.

"நான் வரமாட்டேன்ப்பா" என்றாள் அக்கா. "வெட்டிப் போட்டாலும் வரமாட்டேன்."

அப்பா மூச்சு வாங்கியபடி அங்கேயே ஒரு வேரின் மேல் உட்கார்ந்தார். பிறகு மடியை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, நாங்கள் வெளியே வந்ததும் அம்மாவிடம் நீட்டினார்.

"அரிசிய எடுத்துக்கிட்டு உப்ப வுட்டுட்டு வந்துட்டே."

அம்மா அதை வாங்கவில்லை. "யார் அனுப்புனா ஒங்கள?"

"யாரும் அனுப்பல. ஆபீசு கிராணிகிட்ட எனக்கும் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்தேன். இந்தாளு ஒடிச்சுப் போட்ட குச்சியப் பாத்துப் பாத்து வாரேன்." அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கிழிபட்டு ரத்தம் கசிந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டே, "நான் தலையாட்டியிருக்கப்படாது ஆயி" என்றார்.

அக்கா அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அப்பா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்தார்.

மூன்றாம் நாள் இறக்கம் முழுக்க நான் அப்பாவின் தோளில் இருந்தேன். மேற்கே பேராக் ஆறு தெரிந்தது, மாமாவின் தோட்டம் தெரிந்தது. கித்தா மரங்கள் தொடங்கும் எல்லையில் அப்பா என்னை இறக்கிவிட்டார்.

"நீங்க போங்க. நான் திரும்பிப் போயி ஒரு மாச நோட்டீசு குடுத்துட்டு, ரோட்டு வழியாவே வாரேன்."

"ஒங்கள என்ன பண்ணுவாங்களோ" என்றாள் அம்மா.

"பண்ணட்டும். நாம ஓடிப்போனோம்னு ஒருத்தன் சொல்லக்கூடாது."

பா லோங்கும் அவரும் ஒருவர் பின் ஒருவராகத் தடத்தில் ஏறி மறைந்தார்கள். ஒரு மாதம் கழிந்து, மேலும் பத்து நாட்கள் கழிந்தன. ஒரு மத்தியானம் அப்பா ரோட்டு வழியாகவே வந்தார், தகரப் பெட்டியும் பால்கத்தியுமாக. முன்பற்கள் இரண்டு இல்லை. எப்படிப் போயின என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா அவருக்குச் சுடச்சுடக் கஞ்சி ஊற்றி, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மாமாவின் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். அக்கா நான்கு வருடம் கழித்து, தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்து, போன வருடம் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது கிளேடாங் உச்சியில் கம்பிக் கோபுரம் நிற்கிறது, அதுவரை தார் ரோடு போகிறது. நாங்கள் இருந்த தோட்டத்தை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். லயமும் பெரட்டும் கங்காணியும் போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை. பாசி படிந்த அந்த ஒற்றையடித் தடம் காடு மூடிப் போயிருக்கும். ஒளிந்து நடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லையென்றால் அதுவும் நல்லதுதான். பா லோங்கின் ஆட்களையும் அந்த மலையில் இப்போது காணோம், எங்கே போனார்கள் என்று நான் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் அவர் பின்னால் நடந்தோம், அவர் காட்டிய வழியால் ஒரு பெண்ணின் வாழ்க்கை பிழைத்தது. அந்த முகட்டை அவர்கள் தங்கள் பேச்சில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.