புகைய வேண்டிய அடுப்பு

இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன, மூக்கில் நீர் வழிந்தது. குழாயடியில் முகத்தைக் கழுவி, சட்டைப்பையிலிருந்து பழைய கைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. இது தேறிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பரீட்சை அவருக்கல்ல, அடுப்புக்கு. தான் செய்த சின்ன விறகடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, நாலு குச்சியைப் பற்றவைத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். மூன்று நிமிஷத்துக்குள் தாங்க முடியாமல் ஓடி வந்துவிட்டால் அடுப்பு பாஸ். அதற்கு மேலும் உட்கார முடிந்தால் ஃபெயில், மறுபடியும் பிரித்துப் போட்டு வேலை பார்க்க வேண்டும். ஊரெல்லாம் புகையாத அடுப்பு வேண்டும் என்று அலையும்போது, அடுப்பு புகைய வேண்டும் என்று மெனக்கெடுகிற ஒரே மனிதர் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறார். நான் மாடியில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை நான் துவைத்து உலர்த்தும் சட்டைகள், திங்கட்கிழமை புகை வாடையோடுதான் ஆபீஸுக்குப் போகும்.

வயது ஐம்பத்தாறு. வண்டிகளுக்கு சைலன்சர் மாற்றுவதும், ஓட்டை விழுந்த சைலன்சருக்கு வெல்டிங் வைப்பதும் தொழில். அதனால் எல்லாருக்கும் அவர் 'சைலன்சர்'தான். பேச்சும் அப்படித்தான், நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பட்டறைக்கு வருகிற ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். "ஷெட்டைச் சாத்திக்கிட்டு வண்டிய ஓட விடாதீங்க. வாடையில்லாத விஷ வாயு, ஒண்ணும் தெரியாது, தூங்கினாப்பல போயிடுவீங்க." கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்களுக்கே மனப்பாடம். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதே, "ஷெட்டைச் சாத்த மாட்டேன் சைலன்சர், போதுமா?" என்று முந்திக்கொள்கிறவர்களும் உண்டு. அவர் சிரிக்க மாட்டார், அவர்களிடமும் ஒரு தடவை சொல்வார்.

அடுப்பு, பட்டறை முடிந்த பிறகு செய்கிற வேலை. கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், வழியிலேயே சமைத்துச் சாப்பிடும் லாரி டிரைவர்கள் என்று கேட்டு வருகிறார்கள். ஒரு பெயிண்ட் டப்பா, அதற்குள் அடங்குகிற சின்ன டப்பா ஒன்று, காலுக்குக் கழித்துப் போட்ட சைலன்சர் குழாய். அளவுகோல் கிடையாது. சாண் போட்டு, சாக்பீஸால் கோடு இழுப்பார். முதலில் காலி டப்பாவை வெட்டவெளியில் போட்டு எரித்து, பெயிண்டும் முலாமும் போன பிறகுதான் கையில் எடுப்பார். துளை போட்டதும் உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு விளிம்பாகத் தடவிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் அரம் போடுவார். வலது ஆள்காட்டி விரலின் நுனியில் ரேகையே இல்லை.

போன வருஷம் நானும் ஒன்று வாங்கினேன். நண்பர்கள் நாலு பேர் ஏரிக்கரையில் தங்கப் போயிருந்தோம். பற்றவைத்த அடுப்பு எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. நாலு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் ஆத்திரத்தில் அடுப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள் டப்பாவின் கழுத்தைச் சுற்றி முப்பத்திரண்டு துளைகள், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில். இரண்டு டப்பாவுக்கும் நடுவே ஏறி வருகிற சூடான காற்று அந்தத் துளைகள் வழியாக உள்ளே வந்து, புகையையே தீயாக எரித்துவிட வேண்டும். அதுதான் கணக்கு. ஆனால் முப்பத்திரண்டிலும் ஒவ்வொரு திருகாணியை வைத்து முறுக்கி அடைத்திருந்தார்.

கையோடு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். "அடைக்கிறதுக்கா இத்தனை துளை போட்டீங்க? போடாமலே விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

அடுப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "போடாம இருக்கக் கை கேக்கல சார்" என்றார். ஒரு திருகாணியை விரலால் தடவிக்கொண்டே, "அடைக்காம குடுக்கவும் மனசு வரல" என்றார்.

அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றிச் சொன்னார். பத்து வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு இவர்தான் வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். தான் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. தம்பிக்குச் சாலை அளவெடுக்கிற ஆபீஸில் வேலை, மாதக்கணக்கில் மலையில் கூடாரத்தில் தங்க வேண்டும். அங்கே ஈர விறகின் புகையில் தம்பி இருமி இருமித் திரும்புவதைப் பார்த்துத்தான் முதல் அடுப்பைச் செய்தார். ஏழு மாதிரி செய்து, ஏழையும் கழித்து, எட்டாவதில் வெற்றி. மருந்துக்குக்கூடப் புகை கிடையாது. சுற்றிலும் முப்பத்திரண்டு தீ நாக்குகள். தம்பி அதை ஆபீஸ் முழுக்கத் தூக்கிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டானாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையில் விடாத மழை, நடுக்கும் குளிர். புகையாத அடுப்புதானே என்று தம்பி அதைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். காலையில்தான் போய்ப் பார்த்தார்கள், தூங்கினாற்போலவே போயிருந்தான். "புகை வாடையே வரலீங்க, அதான் எங்களுக்கு ஒண்ணும் தோணல" என்று பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள் சொன்னார்கள். சாமான்களோடு அடுப்பையும் யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவி ஒரு சாக்கில் போட்டு அனுப்பியிருந்தார்கள். இவர் அதைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கினார்.

"வண்டி வச்சிருக்கிறவன் போறவன் வர்றவன் எல்லாருக்கும் சொன்னேன் சார். வீட்ல இருக்கிறவனுக்குச் சொல்லல. சொல்லணும்னே தோணல. புகையில்லாம பண்ணிட்டேங்கிற சந்தோஷம்" என்றார். ஏரிக்கரை ஜோக்கை அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

தம்பி மனைவி அதே வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிறாள். தம்பி வேலை பார்த்த ஆபீஸிலேயே அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவரை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவள், அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. காலையிலும் மாலையிலும் தட்டை மூடி இவருடைய ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள். இவர் சாப்பிட்டு, கழுவித் துடைத்து, அங்கேயே வைப்பார். மூன்று வருஷமாக அந்தக் குடும்பத்தில் நடந்த பேச்சுவார்த்தை அந்தத் தட்டு ஒன்றுதான்.

போன மாதம் ஒரு நாள் காலையில் தட்டை வைத்தவள், போகாமல் நின்றாள். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"என்னை மலைக்குப் போட்டிருக்காங்க. பன்னெண்டு பேருக்குச் சமைக்கணும். சிலிண்டர் ஏறாத இடம். அடுப்பு ஒண்ணு வேணும்" என்றாள்.

"செஞ்சிடலாம்மா."

"அவருக்குச் செஞ்ச மாதிரி. புகையாதது."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேற மாதிரி செஞ்சு தரேன்" என்றார்.

"மூணு வேளையும் புகைக்கு முன்னால நின்னா எனக்குக் கண்ணு போயிடும். அதை எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு என்னை விட யாருக்குத் தெரியும்?"

அவர் ஒரு அடுப்பு செய்தார். வழக்கம்போல முப்பத்திரண்டு துளை, முப்பத்திரண்டு திருகாணி. ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டில் ஓடி வந்தார். அவள் அதை வாங்கிக் கவிழ்த்து, கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கித் தின்றுவிட்டு வந்து, அந்த வெறும் விளிம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போவார். அந்த மனிதருக்கு இருந்த ஒரே சொந்தமும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள் கிளம்ப நாலு நாள்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் மாடியில் சட்டைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். புகை வாடை இல்லை. இன்றைக்குச் சட்டை தப்பித்தது என்று நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போதும் அது என்னை உறுத்துகிறது.

முன்பக்கத்திலிருந்து அவள் ஈரக் கையோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். "சார், இருமல் கேட்டுச்சா?"

"இல்லையே."

மூன்று வருஷமாக அவள் அந்த இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் சமைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் ஓடினாள். "மாமா, கதவைத் திறங்க. மாமா" என்று இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். நான் இறங்கி வந்து, கீழே கிடந்த சைலன்சர் குழாயால் கதவை ஒட்டிய ஜன்னலின் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே அடுப்பு அழகாக எரிந்துகொண்டிருந்தது, ஒரு இழை புகை இல்லை. கடிகாரம் உள்ளங்கையிலேயே இருந்தது.

ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பதினோரு நிமிஷம் வரைக்கும் பாத்தேன். அப்புறம் முள்ளு தெரியல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வலியே இல்லம்மா. அவனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவள் அவர் முகத்தைத் தன் ஈரக் கையால் துடைத்துவிட்டு, வண்டி கூப்பிடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் தன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டோடு வந்தாள். ஜன்னல் விளிம்பில் வைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தாள். மூன்று திருகாணி சுலபமாக வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து இறுகியிருந்தது. அவள் அழுத்தித் திருகத் திருகக் கதவுதான் ஆடியது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், கதவு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.